போய்ச் சேர்வதும் பிழையின்றிச் சேர்வதும்

காரைக்கால் பகுதியைச் சேர்ந்த விழிதியூரில், எங்கள் நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணில் மூன்று கோடு போட்ட நோட்டுகள் இருந்தன. அவருடைய பாட்டனார் ஊர் நாடகங்களுக்காக எழுதிய பாடல்கள் அவற்றில் இருந்தன. முதலில் மையில் எழுதி, மேடையேறிய பின் பென்சிலால் திருத்தியிருந்தார். எல்லாமாக நானூறு பக்கத்திற்கு மேல். சில ஆண்டுகளுக்கு முன் நண்பரின் மகன் பொறுமையாக ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்தான். அவசரப்பட்டவர்கள் நாங்கள்தாம். கைக்கு எட்டிய ஒரு செய்திச் செயலியில் அனுப்பிவிடுமாறு கேட்டோம். அனுப்பினான். கைபேசியில் இடமில்லை என்று மூலப் படங்களை அழித்தும் விட்டான். அவ்வாண்டு ஐப்பசி மழையில் பரண் ஒழுகி நோட்டுகள் ஊறிப்போயின.

இன்று எங்களிடம் இருப்பவை அந்தச் செயலி சுருக்கித் தந்த படங்கள் மட்டுமே. மை எழுத்தைப் படித்துவிடலாம். பென்சில் திருத்தங்களில் பெரும்பகுதி சாம்பல் நிற மங்கலாகத் தெரிகிறது. ஆசிரியர் இறுதியாக எதை விரும்பினார் என்பதற்கான சான்று அந்த மங்கலுக்குள் போய்விட்டது. யார் மீதும் பழி சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குக் கோப்பை அனுப்புவதற்கு எந்த வழியைத் தேர்வது என்ற கேள்வியைத் தொழில்நுட்பம் அறிந்தவர்களின் வேலை என்று தள்ளிவிட்டோம். அது இலக்கியம் படிப்பவர்களின் வேலையும்தான் என்பது எங்கள் கருத்து.

ஏட்டுச் சுவடிக் காலத்தை எண்ணிப் பார்க்கலாம். நம் தட்பவெப்பத்தில் பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே படியெடுத்தலே நூலைக் காக்கும் வழியாக இருந்தது. படியெடுத்தவர் கண் தவறினால் பாடபேதம் பிறந்தது. 1887 இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தை நிறுவ வேண்டியிருந்தது. காரைக்காலோடு ஒரே ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் காக்கப்படுகின்றன. 2005 இல் அவை யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அச்சுவடிகள் நம் கைக்கு வந்தது தலைமுறை தலைமுறையாக நடந்த இடமாற்றத்தினால்தான். கோப்பு அனுப்புவதும் படியெடுத்தலே. ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது, இது பாடபேதம் உண்டாக்குமா என்பதுதான்.

செய்திச் செயலிகள் பலவும் புகைப்படமாக அனுப்பியதைச் சுருக்கும். படமெடுத்த நாள், நேரம் முதலிய குறிப்புகளையும் பெரும்பாலும் உதிர்த்துவிடும். அதே படத்தை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் பொதுவாக அப்படியே போகும். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமானால், எல்லாப் படங்களையும் ஒரே 'ஜிப்' கட்டாகக் கட்டி அனுப்பலாம். அக்கட்டுக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. வழியில் சிதைந்திருந்தால், பிரிக்கும்போதே பிழை என்று சொல்லிவிடும். இந்தச் சிறு செய்தி அன்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் பென்சில் எழுத்துகள் பிழைத்திருக்கும்.

இரண்டாவது கேள்வி, எதிர்முனையில் இருப்பவரிடம் என்ன கருவி இருக்கிறது என்பது. காரைக்காலில் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. இவ்வூர் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளை கையில் ஐஃபோன், ஊரிலிருக்கும் சித்தப்பா கையில் ஆண்ட்ராய்டு என்பது பல வீடுகளில் காணும் காட்சி. ஆப்பிளின் ஏர்டிராப் 2011 முதல் இருக்கிறது, ஆனால் அது ஆப்பிள் கருவிகளுக்குள் புழங்கவென்றே அமைந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2020 இல் வந்த 'நியர்பை ஷேர்' 2024 இல் சாம்சங்கோடு இணைந்து 'குயிக் ஷேர்' ஆயிற்று. இரண்டிற்கும் இடையே 2025 இல் பிக்சல் 10 கைபேசிகளில் தொடங்கித்தான் ஒரு வாசல் திறந்தது. நாகூருக்குப் போகச் சுங்க எல்லையைத் தாண்ட வேண்டியிருந்த காலத்தைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டவர்களுக்கு, வணிக நிறுவனங்கள் எழுப்பும் இவ்வெல்லைகள் புதிதாகத் தோன்றமாட்டா.

மூன்றாவது கேள்வி, நாளை யாரேனும் கதவை அடைத்தால் என்ன செய்வது என்பது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. கோப்பு அனுப்புவதற்குச் சிற்றூர்களிலும் பரவலாகப் புழங்கிய ஷேர்இட், செண்டர் இரண்டும் அப்பட்டியலில் இருந்தன. தடை சரியா தவறா என்ற விவாதம் வேறு. அனுப்பும் வழியை ஒரே செயலியில் வைத்திருந்தவர்கள் ஓர் இரவில் வழியற்றுப் போனார்கள் என்பதே இங்கு நாம் கருத வேண்டியது.

இணையக் கிடங்கில் போட்டுவைத்தால் போதாதா என்று வாசக நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டாவது படியாக வைக்கலாம், தவறில்லை. அதையே முதற்படியாகக் கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாகச் சேமித்துத் தந்த ஏற்பாடு 2021 ஜூன் 1 உடன் முடிந்தது. அந்த இலவசமும் சுருக்கப்பட்ட படங்களுக்கே. கணக்கு வைத்திருப்பவர் காலமானால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது.

நாங்கள் இப்போது கைக்கொள்ளும் முறை எளிது. இரு கருவிகளையும் ஒரே வைஃபையில் இணைத்து 'லோக்கல்சென்ட்' வழியே அனுப்புகிறோம். வைஃபை இல்லாத வீட்டில் ஒரு கைபேசியின் ஹாட்ஸ்பாட் போதும். இணையம் வேண்டியதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கோப்பு இடையில் வேறெங்கும் தங்குவதில்லை. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இயங்கும். அதன் மூலநிரல் திறந்திருப்பதால், ஆக்கியவர் கைவிட்டாலும் வேறொருவர் எடுத்து நடத்த வழியுண்டு. 'சிங்க்திங்' என்னும் திறமூலக் கருவியின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டுச் செயலி 2024 டிசம்பரில் நின்றபோது, அதன் கிளைப் பதிப்பு தொடர்ந்தது. புளூடூத்தும் எங்கும் கிடைப்பதுதான். ஆயினும் ஒரு ஜிபி அனுப்ப ஒரு மணி நேரம் வரை பிடிக்கும் என்பதால் நானூறு படங்களுக்கு அது உதவாது. பென் டிரைவ் ஒன்றிலும் ஒரு படி வைக்கிறோம்.

எந்தக் கருவியானாலும் ஒரு விதியை மட்டும் மீறுவதில்லை. பெற்றவர் கோப்புகளை எண்ணிப் பார்த்து, சிலவற்றைத் திறந்து பெரிதாக்கிப் படித்து, சரியென்று சொல்லும்வரை அனுப்பியவர் மூலத்தை அழிக்கலாகாது. ஏட்டைப் படியெடுத்தவர்கள் மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே ஓய்ந்தார்கள். இக்காலக் கருவிகள் நமக்கு வேகத்தைத் தந்தன. ஒப்புநோக்கும் கடமையை அவை எடுத்துக்கொள்ளவில்லை.

விழிதியூர் நண்பர் வீட்டில் இன்னொரு நோட்டு அண்மையில் அகப்பட்டது. முன்னதைவிடச் சிறியது, பூச்சி அரித்தது. இம்முறை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நாங்களே போனோம். பிற்பகல் முழுதும் ஆயிற்று. பென்சில் எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன.