வெட்கம் எதற்கு?

கோயம்புத்தூர் முருகானந்தத்தை நெப்கின் இயந்திரம் செய்யத் தூண்டியது, மனைவி பழந்துணியை ஒளித்து எடுத்துச் சென்ற காட்சிதான். நெப்கின் வாங்கினால் பால் செலவில் கை வைக்க வேண்டும் என்றாராம் மனைவி. ஊர் ஏசியும் அவர் விடவில்லை. 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அந்த இயந்திரத்தில் கிராமத்துப் பெண்களே செய்து விற்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கடைகளில் இன்னும் பேப்பரில் சுற்றித்தான் தருகிறார்கள். பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பாடசாலைக்கு வராத காரணம் ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியும்.

மார்க்கத்தைக் கேட்டறிய அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டினார்கள். நாம் ஏன் மறைக்க வேண்டும்?

தையல் மெஷின் உள்ள சகோதரிகள் கழுவிப் பாவிக்கும் துணி நெப்கின் தைக்கலாம். முதல் துணிக்கான காசைப் பள்ளிவாசல் நிர்வாகம் கொடுக்கட்டும். கஷ்டப்பட்டவளுக்குத்தான் தேவை தெரியும். தொழிலையும் அவளே தொடங்கட்டும்.