காலை 11 மணிக்குக் கூடும் ஜனநாயகம்

எங்கள் நகரத்தில் போன முறை பகுதி சபா காலை 11 மணிக்கு மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் தூய்மைப் பணியாளர்கள். அந்த நேரத்தில் அவர்கள் ஊரின் இன்னொரு மூலையில் குப்பை வண்டியோடு நிற்பார்கள். நாங்கள் ஏழு பேர்தான் போனோம். பூங்காவுக்கு நடைபாதை, தெருமுனைக்கு சிசிடிவி என்று கோரிக்கைகள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் முறை வந்தபோது, ஊர்ச் சாக்கடை அடைப்பை எடுப்பவர்கள் வாழும் தெருவில் பாதாள சாக்கடையே இல்லை என்றோம். "மனுவா எழுதிக் குடுங்க" என்றார்கள். கொடுத்தோம். அது நான்காவது மனு.

திரும்பும் வழியில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "இதைத்தான் பங்கேற்பு பட்ஜெட்னு எங்க வகுப்புல நடத்துறாங்களா?"

இல்லை தம்பி. மனு கொடுப்பது வேறு, பணத்தைப் பங்கிடுவது வேறு.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1988 தேர்தலில் தொழிலாளர் கட்சி வென்று ஒலிவியோ டூட்ரா மேயரானார். அடுத்த ஆண்டு பங்கேற்பு பட்ஜெட் தொடங்கியது. அப்போது நகராட்சி வருவாயில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போனது. ஆரம்பக் கூட்டங்களுக்கு மக்கள் அதிகம் வரவில்லை. கேட்ட வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். எத்தனை பேர் வந்தார்களோ அதற்கேற்ப அந்தப் பகுதிக்குப் பிரதிநிதிகள். ஆகவே ஆட்களைத் திரட்டத் தெரிந்த ஏழைக் குடியிருப்புகளுக்கு அங்கே பலம் இருந்தது.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு முக்கியமானது இதற்குப் பிறகு வருவது. பணம் எல்லாப் பகுதிக்கும் சமமாகப் பிரிக்கப்படவில்லை. மக்கள்தொகை, அந்தப் பகுதி மக்களே சொன்ன முன்னுரிமை ஆகியவற்றோடு, எந்த வசதி எங்கே எவ்வளவு குறைவு என்பதற்கும் மதிப்பெண் இருந்தது. சாக்கடை இல்லாத பகுதிக்குச் சாக்கடைப் பணத்தில் கூடுதல் பங்கு. பாதிக்கும் குறைவான வீடுகளுக்கே இருந்த கழிவுநீர் இணைப்பு, 1990களின் நடுப்பகுதிக்குள் 80 சதவீதத்தைத் தாண்டியது. இடஒதுக்கீட்டின் நியாயம் புரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அது சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2004இல் அந்தக் கட்சி தோற்றபின் முறை மெல்ல மெலிந்தது. 2017இல் நிறுத்தியும் வைத்தார்கள். ஆள்பவரின் விருப்பத்தை மட்டும் நம்பி நிற்கும் உரிமைக்கு அதுதான் கதி. புனே மாநகராட்சி 2006இல் கொண்டுவந்த முறையில், மக்கள் தங்களுக்கு வேண்டிய வேலையைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். படிவம் நிரப்ப நேரமும் பழக்கமும் யாருக்கு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993இல். நகர்ப்புறப் பகுதி சபாக்கள் முதல்முறையாகக் கூடியதோ 2022 நவம்பர் 1 அன்று. இந்த வாசல் திறந்ததை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அன்று மண்டபத்தில் இருந்த இரண்டு மணி நேரத்தில், இந்த வார்டுக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொகை தெரியாமல் எதைப் பங்கிடுவது? எல்லார் கையிலும் ஒரே மைக்கைக் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சேரியின் கோரிக்கையும் அபார்ட்மெண்ட் சங்கத்தின் கோரிக்கையும் ஒரே கட்டில் சேர்ந்தால், எது மேலே வரும் என்பது நம் தாத்தா காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். கடந்த ஐந்து ஆண்டுகளில் வார்டில் தெருவாரியாகச் செலவான தொகையைக் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். சமூகவியல் மாணவர்கள் நான்கு பேர், எந்தத் தெருவில் சாக்கடை, குழாய், விளக்கு இல்லை என்று வீடுவீடாகக் கணக்கெடுக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே வரைபடமாக்கி அடுத்த சபாவில் சுவரில் மாட்டுவோம். உங்கள் வார்டிலும் தொடங்குங்கள், படிவத்தின் மாதிரியை அனுப்பி வைக்கிறோம்.

அடுத்த கூட்டத்தை மாலை 7 மணிக்கு, எங்கள் குடியிருப்பின் அம்பேத்கர் படிப்பகத்தில் நடத்தச் சொல்லி எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. படிப்பகத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறோம்.