செத்துச் செத்துப் பிழைக்கும் ஆட்டத்தைக் கொன்றது யார்?

டெத்மேட்ச் வகைத் துப்பாக்கி விளையாட்டுகள் ஏன் அருகிவிட்டன என்ற கேள்விக்குக் கல்விப்புலத்தில் எளிதாகக் கிடைக்கும் விடை, இளைய தலைமுறையின் சுவை மாறிவிட்டது என்பதே. எவரையும் பொறுப்பாக்காத வசதியான விடை இது. மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளை முன்வைத்துப் பார்த்தால் இது நிற்காது.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். 1993இல் வெளிவந்த டூம் விளையாட்டோடு பரவிய பெயர் டெத்மேட்ச். விதி எளியது. சுட வேண்டும், சுடப்பட்டால் அடுத்த நொடியே உயிர்த்தெழுந்து மீண்டும் களமிறங்க வேண்டும், நேரம் முடிகையில் அதிகம் பேரை வீழ்த்தியவர் வென்றவர். 1999இல் வந்த குவேக் 3 அரீனாவும் அன்ரியல் டோர்னமென்டும் இவ்வகையின் உச்சம். இந்திய நகரங்களின் சைபர் கஃபேக்களில் வேரூன்றியதோ இவற்றின் நெருங்கிய உறவான கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6.

இந்த ஆட்டங்களுக்கு விரைவான கணினியும் தாமதமற்ற இணைப்பும் வேண்டும். ஒற்றை அறையே ஒரு குடும்பத்தின் வீடாகவும் சில வேளைகளில் பட்டறையாகவும் இருக்கும் தாராவியில் மேசைக் கணினிக்கு இடமேது? சைபர் கஃபே அந்தக் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்குத் தந்தது. இணையம்கூடத் தேவைப்படவில்லை, கணினிகளைக் கம்பியால் பிணைத்தால் போதும், கடைக்காரரின் கணினியே சர்வர். மாதுங்காவின் பொறியியல் மாணவனும் தொண்ணூறடிச் சாலைப் பட்டறையில் வேலை முடித்து வந்தவனும் ஒரே வரிசையில் அமரக்கூடிய அரிய இடம் அது. தமிழும் மராத்தியும் இந்தியும் ஒரே வசவுக்குள் கலந்த அந்த அறையைச் சமூகமொழியியல் களமாகக் கொள்ளத் தவறியது கல்விப்புலத்தின் குறையே.

அந்த அறை தானாக மறையவில்லை. 2011இல் நடுவண் அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகள் வருவோரிடமெல்லாம் அடையாளச் சான்று கேட்டன. பதிவுகளை ஓராண்டு பேணச் சொன்னன. தடுப்பின் உயரத்தைக்கூட நாலரை அடிக்குள் வரையறுத்தன. சிறு கடைக்காரருக்கு இது சுமை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத்துக்காகக் கடைக்கு வருவோரும் குறைந்தனர். வாடகைக்கு வருவாய் இல்லாதபோது ஆட்டத்துக்கு மட்டும் கடை எப்படி நிற்கும்?

மூன்றாவது காரணம் இவை இரண்டினும் கொடியது. சர்வர் ஆடுவோரின் கையிலிருந்து நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. வேலரன்டிலோ பிஜிஎம்ஐயிலோ ஆடுவோர் தாமே சர்வர் நடத்த வழியில்லை. விளைவு கண்கூடு. 2020 செப்டம்பர் 2இல் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தில் 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. ஆடுவோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அன்ரியல் டோர்னமென்டின் இணைய சர்வர்களை 2023இல் எபிக் நிறுவனமே மூடியது. மாறாக, குவேக் 3இன் மூலநிரல் 2005இல் வெளியிடப்பட்டதால் அதை இன்றும் எவரும் இயக்கலாம்.

செல்பேசி ஏழைக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்ததே என்று கேட்கலாம். உண்மைதான். சைபர் கஃபே பெரிதும் ஆண்களின் இடமாக இருந்தது என்பதும் உண்மை. செம்பூரில் ஒரு பெண் வீட்டிலிருந்தே ஆட முடிவது செல்பேசி தந்த பேறு. ஆயினும் நுழைவு எளிதாவது வேறு, உரிமை கிடைப்பது வேறு. பழைய அறையின் குறைகளைக் களைந்திருக்கலாம். அறையையே இழந்தது அதற்குத் தீர்வாகாது.

சுவை மாறிவிட்டது என்போருக்கு இன்னொரு சான்றும் எதிராக நிற்கிறது. பிஜிஎம்ஐயில் அணி டெத்மேட்ச் உண்டு. வேலரன்டிலும் டெத்மேட்ச் உண்டு. அங்கே அது பெரும்பாலும் கைப்பழக்கத்துக்கான முன்னோட்டமாகச் சுருங்கியிருக்கிறது. சுவை சாகவில்லை, அது தனித்து வாழ்வதற்கான இடமும் உடைமையும்தான் பறிக்கப்பட்டன.

ஆகவே ஆய்வாளர்கள் சுவையை அளப்பதை நிறுத்திவிட்டு உடைமையை ஆராய வேண்டும். ஒரு விளையாட்டைக் கைவிடும் நிறுவனம் அதை ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று ஐரோப்பாவில் எழுந்த மக்கள் முறையீட்டில் 2025இல் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அதே ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடுவதைத் தடுத்து மின்விளையாட்டை ஊக்குவிப்பது அதன் நோக்கம். ஆடுவோரின் சர்வர் உரிமை பற்றி இங்குள்ள பல்கலைக்கழகங்கள் இனியேனும் பேசட்டும். தாராவியின் மறுசீரமைப்பு வரைபடத்தில் இளைஞர் கூடி ஆட ஓர் அறை உண்டா என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்பட்டும்.