செர்ட்-இன் உத்தரவைத் திரும்பப் பெறுக! நெட்வொர்க் பொறியாளர் சங்கத்தின் கண்டன அறிக்கை

சென்னை, ஜூன் 2022

ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் செர்ட்-இன் அமைப்பு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவைக் காட்டி ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த இணையப் பாதுகாப்பு உத்தரவை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஜூன் 27 முதல் இது நடைமுறைக்கு வருகிறது. இரவு பகலாக நெட்வொர்க்கை ஓட்டுபவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதை இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

முதலில் கடிகார விவகாரம். சர்வர்கள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. நேரம் பிசகிய லாகை (சர்வரின் செயல்பாட்டுப் பதிவை) வைத்துக்கொண்டு ஒரு தாக்குதலின் தடத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் உத்தரவு தேவையான துல்லியத்தைச் சொல்லவில்லை. நேரத்தை எங்கிருந்து வாங்க வேண்டும் என்று சொல்கிறது. தேசியத் தகவலியல் மையம், தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றின் என்டிபி (நெட்வொர்க் நேர நெறிமுறை) சர்வர்கள், அல்லது அவற்றை ஒட்டி ஓடும் சர்வர்கள். என்டிபி பல மூலங்களை ஒப்பிட்டுப் பார்த்து, பிசகியதை ஒதுக்கும் முறை. இரண்டே மூலங்கள் இருந்து அவை முரண்பட்டால் எது தவறு என்று அதனால் கண்டுபிடிக்க முடியாது. நான்கு மூலங்களாவது வைத்துக்கொள்வது இதனால்தான். நாட்டின் மொத்த நெட்வொர்க்கும் ஒரே இடத்தை நம்பினால், அங்கே கோளாறு நேரும் நாளில் எல்லோருடைய லாகும் சேர்ந்தே பிசகும். இத்தனை மில்லிவிநாடிக்கு மேல் விலகக் கூடாது என்று ஒரு எண்ணை எழுதியிருந்தால் போதும். அந்த எண்தான் இல்லை.

தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டுமாம். தனிநபர் தரவு கசிந்தால் ஐரோப்பிய ஒன்றியம் தரும் அவகாசம் 72 மணி நேரம். சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் பாதிக்கப்பட்ட கருவியைத் துண்டிப்பவரும், பேக்கப்பைச் சரிபார்ப்பவரும், படிவம் நிரப்புபவரும் ஒரே ஆள்.

எல்லாவற்றிலும் மோசமானது விபிஎன், கிளவுட், தரவு மைய நிறுவனங்கள் மீதான நிபந்தனை. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஐபி முகவரிகள், சேவை எதற்காக என்ற காரணம் ஆகியவற்றை அவர் விலகிப்போன பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். திருட்டுக்கு ஆளாகாத ஒரே தரவு, சேமித்து வைக்காத தரவு. அதற்காகவே வட்டு இல்லாமல் ரேம் நினைவகத்தில் மட்டும் ஓடும்படி பல விபிஎன் சர்வர்கள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ்பிரஸ்விபிஎன் இந்தியாவிலிருந்து சர்வர்களை அகற்றிவிட்டது, சர்ஃப்ஷார்க்கும் அகற்றப்போவதாக அறிவித்துவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன் பயனருக்கு இந்திய ஐபி முகவரி இனியும் கிடைக்கும், சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் உள்ள சர்வர்கள் வழியாக. குற்றவாளிக்கு இதில் என்ன நட்டம்? நம் நீதிமன்றத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த சர்வர்தான் கடல் கடந்துவிட்டது.

உடன்பட மனமில்லாதவர்கள் வெளியேறலாம் என்கிறார் இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர். வெளிநாட்டு நிறுவனம் வெளியேறும்; மதுரையிலும் கோவையிலும் சர்வர் வைத்திருப்பவர் எங்கே போவார்? மே 18 அன்று வந்த கேள்வி-பதில் விளக்கம் சிலவற்றைத் தளர்த்தியிருக்கிறது, மறுக்கவில்லை. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன் இதில் சேராது என்றது நல்லதே. ஆனால் வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் படிக்கப்போவது உத்தரவைத்தான். மீறினால் ஓராண்டு வரை சிறை என்று சட்டமே சொல்லும்போது, விளக்கக் குறிப்பை நம்பி யார் வேலை பார்ப்பது?

உத்தரவை ஜூன் 27க்கு முன் திரும்பப் பெற வேண்டும். புதிய வரைவைப் பொதுவில் வெளியிட்டு, சிறு நிறுவனங்களின் பொறியாளர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். உத்தரவு கேட்கும் 180 நாள் லாகைச் சேமிக்கத் தங்கள் நிறுவனத்துக்கு எவ்வளவு இடமும் பணமும் தேவைப்படும் என்ற கணக்கை உறுப்பினர்கள் இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் சங்கத்துக்கு அனுப்பவும். அது அமைச்சகத்துக்கான மனுவுடன் இணைக்கப்படும்.

தலைவர், பொதுச்செயலாளர்