திருவருகைக் காலமும் தோட்டத் தொழிலாளியும்

நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறன்று கத்தோலிக்கத் திருச்சபைக்குப் புது வருஷம் பிறக்கிறது. அன்று தொடங்கி கிறிஸ்துமஸ் வரை நான்கு ஞாயிறுகள். இதைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். நம் பாட்டிமார் ஆகமன காலம் என்பார்கள். பீடத்தில் ஊதாத் துணி, பச்சை இலை வளையத்தில் வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுத்திரி, பாவசங்கீர்த்தனம், நோன்பு. இந்து சகோதரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கார்த்திகை, மார்கழியில் நீங்கள் மாலை போட்டு விரதம் இருக்கிற அதே நாட்களில்தான் பக்கத்து வீட்டுச் சூசையும் மனசைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

ஜொகூரில் இது மழைக்காலமும் கூட. பட்டை ஈரமானால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் காசும் இல்லை. தோட்டத்துக் கத்தோலிக்கன் நோன்பைச் சாமியாரிடம் மட்டுமா கற்றுக்கொண்டான், வானமும்தான் கற்றுக்கொடுத்தது! 2006 டிசம்பரில் கோத்தா திங்கி, சிகாமட் பக்கம் வெள்ளம் ஏறியபோது மாநிலத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். நிவாரண முகாமில் கிறிஸ்துமஸ் கழித்தவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள்.

நம் தோட்டங்களுக்கு வேதம் கொண்டு வந்தவர்களில் பாரீஸ் வேதபோதக சபைச் சாமியார்கள் முக்கியமானவர்கள். பாண்டிச்சேரியிலும் மலாயாவிலும் அதே சபைதான் ஊழியம் செய்தது. வெள்ளைக்காரராக இருந்தும் தமிழ் படித்துப் பிரசங்கம் வைத்தார்கள். அதை மறக்கக் கூடாது. சாமியார் வராத ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் சொல்லுவார். 1972-இல் மலாக்கா-ஜொகூர் தனி மறைமாவட்டம் ஆனது. நான் வரலாறு எழுத உட்காரவில்லை. அந்த ஊழியத்தின் வாரிசுகளிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

திருச்சபையின் மூன்று ஆண்டு வாசகச் சுற்றில், முதலாண்டின் மூன்றாம் திருவருகை ஞாயிறன்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கிறார்கள். 2025 டிசம்பர் 14-க்கும் அதுதான் வாசகம். மழைக்காகக் காத்திருக்கிற விவசாயியைப் போலப் பொறுமையாயிருங்கள் என்பது அதன் சாரம். நல்ல போதனைதான். ஆனால் வாசகம் ஏழாம் வசனத்தில்தான் தொடங்குகிறது! மூன்று வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். வயல் அறுத்தவனின் கூலியைப் பிடித்து வைத்திருக்கிற பணக்காரரைப் பார்த்து, அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார் யாக்கோபு. முதலில் கூலிக் கணக்கு, அப்புறம்தான் பொறுமை. நம்மிடம் வரும்போது பொறுமை மட்டும் வந்து சேருகிறது.

ஸ்நாபக அருளப்பரையும் இப்படித்தான் பாதியாக்கிவிட்டார்கள். மூன்றாம் ஆண்டின் அதே ஞாயிறுக்குரிய சுவிசேஷத்தில், நாங்கள் என்ன செய்யணும் என்று ஜனங்கள் அவரைக் கேட்கிறார்கள். கூடுதலாக மணிமாலை சொல்லு என்றா சொன்னார்? இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு என்றார், வரிக்காரனிடம் விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். உன் சம்பளத்தோடு திருப்தியாயிரு என்று அவர் சொன்னது, ஆளை மிரட்டிக் காசு பிடுங்கிய போர்ச்சேவகனுக்கு. அதை எடுத்துச் செம்பனைக் குலை அறுக்கிறவனுக்குச் சொல்லுவது என்ன நியாயம்?

பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-லேயே நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையையும் ஆதரித்து நிருபம் எழுதினார். 2025 மே மாதம் தேர்வான புதிய பாப்பரசர் அவர் பெயரையே எடுத்து 14-ஆம் சிங்கராயர் ஆனார். ரோமாபுரியில் கேட்கிற பேச்சு தோட்டத்துக் கோயிலில் ஏன் கேட்கவில்லை?

நம்மையும் கேட்டுக்கொள்ளுவோம். கிறிஸ்துமஸ் துணிக்கும் போத்தலுக்கும் டிசம்பர் சம்பளத்தை முன்கூட்டியே கடன் வைத்துவிட்டு, ஜனவரியில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க முழிக்கிறோம். பெண்டுகள்தான் வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லுகிறார்கள். இதுவும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய சங்கதிதான்.

இன்னொன்று. நம்மவர் லயத்தை விட்டுத் தாமானுக்குப் போன பிறகு, செம்பனைக் காட்டில் இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேப்பாளியும் நிற்கிறார்கள். புளோரஸ் தீவிலிருந்து வருகிற கத்தோலிக்கரும் உண்டு. சத்திரத்தில் இடம் கிடைக்காத மரியாளையும் சூசையப்பரையும் குடிலில் வைத்துக் கும்பிடுகிற நாம், இவர்களுக்குக் கோயில் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறோமா? அடுத்தவன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சம்பள மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கும் ஆகஸ்டு முதல் அதே கணக்கு. இது அவனுக்கும் தெரியாது, நம்மில் பாதிப் பேருக்கும் தெரியாது.

ஆகவே சாமிமாரே, நான்கு ஞாயிறில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தை அரை மணி நேரம் திறந்து விடுங்கள். எல்லோரும் சம்பளச் சீட்டோடு வரட்டும். சங்கத்துக்காரர்கள் ஒவ்வொரு பிடித்தத்தையும் வரி வரியாக விளக்குகிறோம், மலாயிலும் சொல்லுகிறோம். கோப்பிச் செலவு எங்களுடையது.