புற்றுநோயாளியின் வயிறும் ஒன்றிய அரசின் மூலிகைக் கொள்கையும்

மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் உத்தரப்பிரதேசம், பீகார், வங்கம் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் தங்கியிருப்பதை எவரும் காணலாம். கீமோதெரபி ஏற்றிக்கொண்டு அந்த நடைபாதைக்குத் திரும்புபவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால் ஒதுங்கக் கழிப்பறை இல்லை, கஞ்சி காய்ச்ச அடுப்பில்லை. வசதி படைத்தவருக்கு வெறும் பக்கவிளைவாக இருப்பது, உழைக்கும் மக்களுக்குச் சிகிச்சையையே பாதியில் கைவிடும் காரணமாகிவிடுகிறது. அந்த இடத்தில்தான் கஷாயமும் சூரணமும் விற்பவர் வந்து நிற்கிறார்.

வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதே கீமோதெரபியின் வழிமுறை. குடலின் உட்சுவர்ச் செல்களும் அத்தகையவையே. அவையும் சேர்ந்து அழிகின்றன. பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் இரினோடீகன் மருந்தைக் கல்லீரல் செயலிழக்கச் செய்து குடலுக்கு அனுப்பினாலும், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை மீண்டும் உயிர்ப்பித்துவிடுகின்றன. நாட்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்குக்கு இது முக்கியக் காரணம்.

இதற்கு மூலிகையில் விடை தேடுவது மூடநம்பிக்கை அல்ல. சுமார் 1800 ஆண்டுகள் பழமையான, நான்கு மூலிகைகள் கொண்ட சீனக் கஷாயம் ஒன்றை யேல் பல்கலைக்கழகத்தில் யுங்-சி செங் குழுவினர் ஆராய்ந்தனர். இரினோடீகன் ஏற்றிய எலிகளின் குடல் விரைவில் மீண்டது. மருந்தின் வீரியமும் குறையவில்லை என 2010இல் அவர்கள் வெளியிட்டனர். மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவையே. இஞ்சியின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. 576 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், நாளொன்றுக்கு அரை முதல் ஒரு கிராம் இஞ்சி முதல்நாள் குமட்டலைக் குறைத்தது. அனைவருக்கும் வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தும் தரப்பட்டிருந்தது என்பதை மறக்கக்கூடாது. ஆய்வுக்கு நிதி தந்தது அந்நாட்டின் அரசு நிறுவனம். இஞ்சி விளையும் நம் நாட்டில் அப்படியொரு பெரும் ஆய்வுக்கு வழி செய்யாமல், பழம்பெருமை மட்டும் பேசப்படுகிறது!

"கஷாயம் என்ன கெடுத்துவிடும்?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கின்றனர். கெடுக்கும். ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையை இரினோடீகனோடு உட்கொண்டவர்களின் இரத்தத்தில், புற்றைக் கொல்லும் பொருளின் அளவு 42 சதவீதம் சரிந்ததாக 2002இல் வெளியான சிறு ஆய்வு காட்டியது. நோயாளிக்கு எதுவும் தெரியாது. கட்டி மட்டும் வளரும்.

ஒன்றிய அரசோ 2014இல் ஆயுஷுக்கெனத் தனி அமைச்சகம் கண்டது. பழைய நூல்களில் உள்ள மருந்துகளுக்கு உரிமம் பெற இன்றும் நோயாளிகளிடம் சோதித்த சான்று தேவையில்லை; நூற்குறிப்பே போதும். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனினும் ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி கோரிய 170ஆவது விதியை, பதஞ்சலி வழக்கு நடந்துகொண்டிருந்த 2024 ஜூலையிலேயே அமைச்சகம் நீக்கியது. உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது அத்தடையும் நீங்கியது. ஆக, சோதிக்கப் பணம் ஒதுக்கத் தயங்கும் அரசு, விற்பவருக்கு மட்டும் வழிவிடுகிறது.

சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடி 1967இல் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பழஞ்சுவடியில் கண்ட குறிப்பொன்றைப் பற்றிக்கொண்டு தூ யூயூ ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். சுவடியை அவர் வணங்கவில்லை, சோதித்தார். அதுபோலச் சுக்கு, சீரகம், வில்வம் ஆகியவற்றை அரசு மருத்துவமனைகளிலேயே, கீமோதெரபி பெறுவோரிடம் முறையாகச் சோதித்து, முடிவு பாதகமாயினும் வெளியிட வேண்டும். மஞ்சளுக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை 1997இல் முறியடித்தது நம் பொதுத்துறை ஆய்வு நிறுவனம்தான். இப்பணிக்கும் அதுவே பொருத்தமானது. அதுவரை ஓண்டான்செட்ரான், லோபெரமைடு போன்ற மலிவான மாத்திரைகள் கீமோதெரபி பெறும் ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

நோயாளிகளுக்குத் துணையாகச் செல்லும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் கொடுக்கும் சூரணத்தையோ லேகியத்தையோ மறைக்க வேண்டாம். பொட்டலத்தோடு எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் எரிந்து விழுந்தாலும் காட்டுங்கள்.