எண்ணுக்குச் சமவாய்ப்பு, படத்துக்கு இல்லை

ஸ்லாட் இயந்திரங்களுக்கு வாதாடுவோர் இறுதியில் ஒதுங்கும் அரண் ஒன்றே: "ஒவ்வொரு சுழற்சியையும் சமவாய்ப்பு எண்ணே தீர்மானிக்கிறது, ஆய்வகம் சான்றளித்திருக்கிறது, ஏமாற்றுக்கு இடம் எங்கே?" புள்ளியியல் பயின்றோரும் இதற்குத் தலையசைப்பதுதான் வியப்பு. எண் நேர்மையானதாகவே இருக்கட்டும். ஏமாற்று நிகழ்வது எண்ணுக்கும் படத்துக்கும் இடையில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே வடிவமைத்த லிபர்ட்டி பெல் இயந்திரத்தில் மூன்று உருளைகள். ஒவ்வொன்றிலும் பத்துச் சின்னங்கள். மொத்தம் 1,000 சேர்க்கைகள். கண்ணால் கண்டதே கணக்கு. இந்தப் பிணைப்பை அறுத்தது இங்கெ டெல்னேஸ் 1984இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை. அதன்படி உருளை நிற்கும் இடத்தைக் கணினி உருவாக்கும் எண் முன்னதாகவே முடிவுசெய்யும். கண்ணுக்குத் தெரியும் நிறுத்தங்களைவிட அதிகமான எண்கள் உள்ளே இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. உருளையில் 22 நிறுத்தங்கள். அவற்றுள் பெரும்பரிசுச் சின்னம் ஒன்று. மூன்று உருளைகளையும் பார்ப்பவர் வாய்ப்பை 10,648இல் ஒன்று எனக் கணிப்பார். உள்ளே ஒவ்வோர் உருளைக்கும் 64 எண்கள் இருந்து, அச்சின்னத்துக்கு ஓர் எண் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தால், உண்மை வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. சின்னத்தின் மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு ஐந்தைந்து எண்களை ஒதுக்கினால், அது கோட்டில் நிற்பதைப்போல் பத்து மடங்கு முறை கோட்டை ஒட்டி நிற்கும். நேர்மையான உருளையில் இது இரு மடங்கே. "நூலிழையில் தப்பியது" என்று ஆடுபவர் நெஞ்சில் கைவைப்பது இந்த ஒதுக்கீட்டின் விளைவு.

1980களின் இறுதியில் நெவாடா ஒழுங்குமுறை அமைப்பு, தோல்வி உறுதியான பின் அதை நூலிழைத் தோல்வியாக மாற்றிக் காட்டும் நிரலைத் தடைசெய்தது. எண்களை முன்கூட்டியே சாய்த்து ஒதுக்கும் முறையை விட்டுவைத்தது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இணையத்தில் உருளையே இல்லை. பொத்தானை அழுத்தியதும் முடிவு சேவையகத்தில் உறுதியாகிறது. திரையில் சுழல்வது அதன் பின் ஓடும் படக்காட்சி. இருபது கோடுகளில் தலா ஒரு ரூபாய் வைத்தவருக்கு 8 ரூபாய் திரும்பினால் இசை முழங்கி ஒளி மின்னும். இழந்த 12 ரூபாய்க்கு ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை.

"95 விழுக்காடு திரும்பக் கிடைக்கும்" என்ற அறிவிப்பும் இவ்வகையே. அவ்விழுக்காடு கொண்டுவந்த பணத்தின் மீதானதன்று. பந்தயமாகச் சுழலும் தொகையின் மீதானது. ஆறு நொடிக்கு ஒருமுறை 10 ரூபாய் வைப்பவர் ஒரு மணி நேரத்தில் 6,000 ரூபாயைச் சுழற்றுகிறார். சராசரி இழப்பு 300. கையிலுள்ள 1,000 ரூபாயில் 50தான் போகும் என்று நம்பியவர், சராசரிக் கணக்கில் நான்கு மணி நேரத்துக்குள் வெறுங்கையாகிறார்.

விடுதிக்கே ஆதாயம் என்பது ஆடுவோர் அறிந்ததுதானே என்பர். ரூலெட்டிலும் விடுதிக்கே ஆதாயம். ஆனால் ஐரோப்பியச் சக்கரத்தின் 37 குழிகளை எவரும் எண்ணிப் பார்க்கலாம். ஸ்லாட்டில் எண்ணிப் பார்ப்பவரே தவறான விடைக்கு வந்து சேர்கிறார்.

இந்தியச் சட்ட விவாதமோ 1957இன் சமர்பாக்வாலா தீர்ப்பு முதல் "திறனா, வாய்ப்பா" என்ற ஒரே கேள்வியைச் சுற்றிவருகிறது. வாய்ப்பு எனில் எத்தகைய வாய்ப்பு, அது எவ்வாறு காட்டப்படுகிறது என்று எவரும் வினவுவதில்லை. 1992இல் கோவா தன் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி ஐந்து நட்சத்திர விடுதிகளுக்குள் இவ்வியந்திரங்களை அனுமதித்தபோது "மின்னணுக் கேளிக்கை" என்ற பெயரையும் சூட்டியது. 2025இன் ஒன்றியச் சட்டம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் திறன், வாய்ப்பு என்ற பேதமின்றித் தடைசெய்கிறது. விடுதிக்குள் நிற்கும் இயந்திரத்தை அது தொடவில்லை.

ஒவ்வொரு பரிசுக்கும் உரிய உண்மை வாய்ப்பை இயந்திரத்தின் முகப்பிலேயே அச்சிடுமாறு கட்டாயப்படுத்துவதே குறைந்தபட்ச நேர்மை. அந்த ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கேட்டுப் பெறாமல் சமவாய்ப்பு எண்ணுக்கு மட்டும் சான்று வழங்கும் புள்ளியியலாளர், விடுதியின் ஊழியரேயன்றி அறிவியலாளர் அல்லர்.